எதிரே கேட்டது யார்?

ஒரு திங்கட்கிழமை அதிகாலை 5.30 மணிக்கு மாமா கடற்கரை மீன் ஏலத்தில் நின்று அறக்குளாவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் நான் வீட்டு விறாந்தையில் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, இணைய ஏலத்தில் ஒரு பழைய தபால் அட்டைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் இடையே நடந்தால் ஐந்து நிமிடத் தூரம்தான். அன்று மாமா மீனை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். நான் வென்றேன். யார் கெட்டிக்காரர் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று காலை நான் தவறான பதிலைச் சொல்லியிருப்பேன்.

அட்டையில் இருப்பது திருகோணமலையில் எங்கள் டச்சுக்குடா. கறுப்பு வெள்ளைப் படம், மூலைகள் மழுங்கியிருக்கின்றன. மணலில் இழுத்து விட்ட மூன்று வள்ளங்கள், அவற்றுக்குப் பின்னால் கடலுக்குள் நீளும் கோட்டை முனை, அதன் நுனியில் கோணேசர் மலை. இன்று மலைமேல் நிற்கும் கோயில் படத்தில் இல்லை. அது 1963 இல் கும்பாபிஷேகம் கண்டது, அட்டை அதற்கு வெகுகாலம் முந்தியது. கோயில் இல்லாத அந்த மலையைப் பார்த்தபோது அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்று கையில் கிடைத்ததுபோல் இருந்தது. பிறகு நான் செய்தவற்றுக்கெல்லாம் இதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருகோணமலையின் பழைய படங்களை இணைய ஏலத்தளங்களில் தேடுவது எனக்குச் சில வருடப் பழக்கம். ஊரின் ஆங்கிலப் பெயரை, Trincomalee என்று அடித்தால் முதலில் வருவது ஊர் அல்ல, கப்பல். 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு எங்கள் ஊரின் பெயரைச் சுமக்கும் அந்தப் போர்க்கப்பல் இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் நிற்கிறது. அதன் படம் போட்ட கோப்பைகளையும் சாவிக்கொத்துகளையும் தாண்டித்தான் கடற்படையினர் வீட்டுக்கு எழுதிய உறைகளுக்கும் அட்டைகளுக்கும் வர முடியும். இன்னொரு வழியும் உண்டு. ஊரின் பெயரைப் பிழையாக எழுதித் தேடுவது. கடைசியில் வரும் இரண்டு 'ஈ' எழுத்துகளுக்குப் பதிலாக ஓர் 'ஐ' போட்டுத் தேடினால், எழுத்துப் பிழையோடு ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கும் பொருள் தனியாகக் கிடக்கும். சரியாக எழுதித் தேடுகிறவர்களின் கண்ணில் அது படாது. அப்படி இரண்டு அட்டைகளை மூன்று டொலருக்கும் நான்கு டொலருக்கும் வாங்கியிருக்கிறேன். அதே தரமுள்ள அட்டை சரியான எழுத்தோடு முப்பதுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அட்டையில் வித்தியாசம் எதுவும் இல்லை. எதிரே கேட்க ஆள் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இந்த முறை விற்பவர் எழுத்துப் பிழை விடவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் அவர் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஏலம் முடியும்படி வைத்திருந்தார். சனங்கள் வீட்டில் ஓய்ந்திருக்கும் நேரம் என்று விற்பவர்கள் விரும்பி வைக்கும் நேரம் அது. எங்களுக்கு அது திங்கள் விடியற்காலை.

20 டொலர் என்று தீர்மானித்தேன். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். இந்தத் தளங்களில் நம் உச்ச விலையைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். தளம் அதை வெளியே காட்டாது. எதிரே கேட்பவரின் விலையைவிட ஒரு படி மேலே நம்மை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். நான் 20 என்று சொல்லியிருக்க, அடுத்தவரின் உச்சம் 9 என்றால் விலை 9.50 இல் நிற்கும். வென்றவர் இரண்டாமவரின் விலையைக் கொடுத்தால் போதும் என்ற இந்த ஏற்பாட்டை வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961 இல் ஆராய்ந்து எழுதினார். அப்படி ஒரு விதி இருந்தால் ஒருவர் தன் மனதில் இருக்கும் உண்மையான விலையைச் சொல்லிவிடுவதே அவருக்கு நல்லது, ஒளித்து விளையாடுவதில் இலாபம் இல்லை என்று காட்டினார். 1996 இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாளில் இறந்துபோனார். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். நண்பர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். நீச்சலைப் பற்றி விளக்கத் தெரிந்தவன் தாழமாட்டான் என்று யார் சொன்னது?

நான்கு நாட்களாக அட்டை 9.50 இல் நின்றது, முன்னணியில் நான். அந்த நான்கு நாட்களும் பச்சை எழுத்தில் என் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சுவரில் மாட்டுவது, கண்ணாடிச் சட்டம் எங்கே செய்வது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. உண்மையில் என்னிடம் அட்டை இல்லை. ஆனால் மனதில் அது ஏற்கெனவே என் வீட்டுச் சுவரில் தொங்கியது. ஆகவே திங்கள் விடிய 5.24 க்கு விலை 20.50 ஆக ஏறி, முன்னணியில் இன்னொருவர் என்று சிவப்பு எழுத்து வந்தபோது, ஏலத்தில் பின்தங்கியவனைப்போல் அல்ல, வீட்டில் களவு போனவனைப்போல் எழுந்து உட்கார்ந்தேன்.

22 போட்டேன். ஒரு விநாடிகூடப் போகவில்லை, மறுபடி சிவப்பு. 25. சிவப்பு. 30. சிவப்பு. எதிரே ஒருவன் விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. உண்மையில் அவன் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கலாம். எனக்குப் பதில் சொன்னது அவன் முன்கூட்டியே கொடுத்து வைத்த உச்ச விலை, இயந்திரம். அது தெரிந்தும் கோபம் வந்தது. 40. சிவப்பு. 45. பச்சை. விலை 43 இல் நின்றது. அவனுடைய உச்சம் 42 தான் என்று கணக்குப் போட்டு மூச்சு விட்டேன். கரையிலிருந்து ஏலம் கூறுகிறவரின் குரல் காற்றோடு வந்துபோனது. 5.28. மறுபடி சிவப்பு, 46. இப்போது உண்மையாகவே ஒரு மனிதன் வந்துவிட்டான். நாற்பது விநாடிகள் மீதமிருக்க 70 என்று அடித்தேன். விலை 47 ஆயிற்று, பிறகு 56, பிறகு 64. அத்துடன் நேரம் முடிந்தது. வாழ்த்துச் சொல்லித் திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன. தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. நாட்காட்டியில் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

கடற்கரை ஏலத்துக்கும் திரை ஏலத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு எனக்கு அந்த நாற்பது விநாடிகளில்தான் உறைத்தது. கரையில் 'ஒருதரம், இரண்டுதரம்' என்று சொல்கிறார்கள். அந்த இரண்டு தரங்களுக்கு இடையே யாராவது கேட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடைசி நொடியில் பாய்ந்து பறிப்பதில் பயன் இல்லை. மணிக்கூடு முடித்து வைக்கும் ஏலத்தில் அந்தப் பாய்ச்சலே பிழைப்பு. ஆல்வின் ரோத், அக்சல் ஒக்கன்பெல்ஸ் என்ற இருவர் 2002 இல் இதைப்பற்றி எழுதினார்கள். அப்போது ஈபே என்ற இணைய ஏலத்தளத்தில் ஏலம் குறித்த விநாடியில் முடிந்துவிடும். அமேசான் நடத்திய ஏலத்தில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு பத்து நிமிடம் தள்ளிப்போகும். கடைசி நிமிடப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிகுதி என்று கண்டார்கள். அமேசானின் விதி எங்கள் 'ஒருதரம் இரண்டுதரம்' அல்லாமல் வேறென்ன? அந்த ஏலம் பிறகு மூடப்பட்டுவிட்டது, ஈபே நிலைத்தது. பத்து நிமிடம் யோசிக்க விட்டால் எத்தனை பேர் 70 என்று அடிப்பார்கள்?

ஏலம் என்ற சொல்லே நமக்குப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது, அவர்கள் வாயில் அது 'லெய்லாவ்'. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரின் ஊரில் பூக்களை ஏலம் விடும்போது விலையை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வருவார்கள். முதலில் 'எனக்கு' என்று சொல்பவருக்குப் பூ. ஒல்லாந்தரின் பெயரைத் தாங்கிய குடாவில் எங்கள் ஆட்கள் கீழிருந்து மேலே ஏற்றுகிறார்கள். இது சும்மா ஒரு வேடிக்கைக்காகச் சொன்னது.

இனி நான் எழுத விரும்பாத பகுதி. அதே அட்டை, அதே அச்சு, அதே மூன்று வள்ளங்கள், அதே தளத்தில் இன்னொரு விற்பனையாளரிடம் 25 டொலர் நிலையான விலைக்கு இருந்தது. ஏலம் இல்லை. 'உடனே வாங்கு' பொத்தானை அமுக்கினால் முடிந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே அதைப் பார்த்தேன். ஓர் அட்டைக்கு 25 டொலரா, அநியாயம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போனேன்.

இந்த மூடத்தனத்துக்கு எண்ணிக்கை எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு வகையில் ஆறுதல். யங் ஹான் லீ, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இருவர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு அது. ஈபேயில் ஒரு பலகை விளையாட்டு ஏலத்திலும் போய்க்கொண்டிருந்தது, அதே பக்கத்தில் ஏறத்தாழ 130 டொலர் நிலையான விலைக்கும் கிடைத்தது. ஏலங்களில் 42 வீதமானவை அந்த நிலையான விலையைத் தாண்டி முடிந்தன. இதைப் படிக்கும் யாரும் பாதிப்பேருக்குப் பைத்தியம் என்று நினைப்பார்கள். அங்கேதான் சூட்சுமம். விலை கேட்டவர்களில் அப்படி மிஞ்சிக் கேட்டவர்கள் 17 வீதம் மட்டுமே. மற்றவர்கள் ஒழுங்காகத் தங்கள் எல்லையில் நின்றுவிட்டார்கள். ஆனால் நின்றவர்களின் கையில் பொருள் போவதில்லையே. கரையில் ஆறு வியாபாரிகள் நிற்கிறார்கள், ஐந்து பேர் நிதானமாக இருக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் அன்று புத்தி பிசகிவிட்டது என்றால், மீன் யாருடைய பெட்டிக்குப் போகும்? வலையில் சின்ன மீன் நழுவிவிடும், பெரியது மாட்டிக்கொள்ளும். ஏலமும் அப்படித்தான், நிதானமானவர்களை நழுவவிட்டு அன்றைய பெரிய மூடனைக் கரைக்கு இழுத்துவரும். அந்தத் திங்கட்கிழமை வலையில் இருந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

64 என்றுதான் நான் சண்டை பிடித்தேன். தபால் செலவு 14.50. அது பக்கத்தின் கீழே சாம்பல் நிறத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது, நானும் முதல் நாளிலிருந்தே அதைப் பார்க்கவில்லை. மொத்தம் 78.50 டொலர், ரூபாவில் 23,000 ஐத் தாண்டியது. தன்ஜிம் ஹொசைன், ஜோன் மோர்கன் என்ற இருவர் இதற்கும் சோதனை நடத்தினார்கள். 2006 இல் வெளிவந்தது. இசைத்தட்டுகளை ஈபேயில் தாங்களே விற்றார்கள். ஒரு தட்டுக்குத் தொடக்க விலை 4 டொலர், தபால் செலவு இல்லை. அதே தட்டு இன்னொன்றுக்குத் தொடக்க விலை ஒரு சதம், தபால் செலவு 3.99. கூட்டினால் இரண்டும் ஒன்று. ஆனால் ஒரு சதத்தில் தொடங்கியவற்றுக்கு ஆட்களும் கூடுதலாக வந்தார்கள், முடிவில் கைக்கு வந்த பணமும் கூடுதல். மாமா இப்படி ஏமாறமாட்டார். கண்டியில் இன்று என்ன விலை என்று விடிய முன் போனில் கேட்டுவிடுவார். அதிலிருந்து முதலில் ஐஸ், லொறி, இறக்குகூலி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிஞ்சியதில்தான் கேட்கத் தொடங்குவார். அந்த எல்லை வந்ததும் வெற்றிலைப் பையைத் திறப்பார். மாமா வெற்றிலைப் பையைத் திறந்தால் அந்த மீனை விட்டுவிட்டார் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் அப்படி ஒரு பை இருக்கவில்லை.

ஆனாலும் விளங்காத விலையெல்லாம் மூடத்தனம் என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. ஈபே தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1995 இல் பியர் ஒமிடியார் தன்னிடமிருந்த பழுதான லேசர் சுட்டி ஒன்றை ஏலத்தில் வைத்தார், 14.83 டொலருக்குப் போனது. இது உடைந்தது, வேலை செய்யாது என்பது தெரியும்தானே என்று வாங்கியவரைக் கேட்டார். நான் உடைந்த லேசர் சுட்டிகளைச் சேர்ப்பவன் என்று பதில் வந்தது. எங்கோ ஒருவருக்கு அது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அல்லது மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் சுவாமிக்குப் படைத்த மாம்பழத்தை ஏலம் விடும்போது அது இலட்சங்களைத் தொட்டதாக வருடாவருடம் எங்காவது ஒரு கோயிலைப்பற்றிப் பத்திரிகையில் செய்தி வரும். கடற்கரையில் ஐம்பது ரூபாவுக்கு மல்லுக்கட்டும் மாமா ஒரு வருடம் 85,000 ரூபாவுக்கு ஒரு கறுத்தக் கொழும்பான் பழத்தைக் கேட்டு எடுத்தார். மாமி மூன்று நாள் பேசவில்லை. நான் கேட்டபோது, "அது விலை இல்லைத் தம்பி, நேர்த்தி" என்றார். பழத்தை அறுத்து வீட்டில் எல்லோருக்கும் ஒரு கீறு கொடுத்தார். சுமாரான பழம். ஆனால் அங்கே பணம் கோயிலுக்குப் போனது, ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள், எதிரே நின்று கேட்டவர் பிறகு வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். 85,000 ரூபாவுக்கு அவர் என்ன வாங்கினார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. என் 64 டொலருக்கு நான் என்ன வாங்கினேன் என்று என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அட்டை 25 க்குக் கிடைத்திருக்கும். மீதி 39 டொலருக்கு வாங்கியது ஒரு பச்சை எழுத்தை.

அதையே தொழிலாக்கியவர்களும் இருந்தார்கள். ஸ்வூப்போ என்றொரு தளம். அங்கே ஒவ்வொரு முறை விலை கேட்கவும் காசு, அமெரிக்காவில் ஒரு தடவைக்கு 60 சதம். வென்றாலும் தோற்றாலும் அந்தக் காசு திரும்பாது. ஒரு கணினி மிகக் குறைந்த விலைக்குப் போனதாகத் தெரியும், ஆனால் தோற்றவர்கள் எல்லோரும் கட்டிய காசைக் கூட்டினால் தளத்துக்குக் கடை விலையைவிட மிஞ்சும். 2011 இல் அது நொடித்துப்போனது. இதை மாமாவிடம் சொன்னபோது பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். "தோற்றவனும் காசு கட்ட வேண்டுமா? அது ஏலம் இல்லை, சூது."

ஐந்து வாரம் கழித்து அட்டை வந்தது. தடித்த மட்டைகள் இரண்டுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் ஒட்டி, நன்றாகத்தான் அனுப்பியிருந்தார். பின்புறம் பென்சிலால் இரண்டு வரிகள், ஒரு மாலுமி தன் தாய்க்கு எழுதியவை. வெயில் கடுமை, மீன் மலிவு. மாமா பின்னேரம் வந்தபோது எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையை முகத்துக்குக் கிட்டே பிடித்து நெடுநேரம் பார்த்தார். மலையைப் பார்க்கவில்லை. வள்ளங்களைப் பார்த்தார். நடுவில் நிற்பதன் அணியம், அதாவது முன்பக்கம், சற்று ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்றார். எனக்கு அது அதுவரை தெரியவில்லை.

"எவ்வளவுக்கு எடுத்தாய்?"

சொன்னேன். பொய் சொல்லவும் யோசித்தேன். வியாபாரி முன்னால் அது எடுபடாது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எதிரே கேட்டது யார்?" என்றார்.

தெரியாது என்றேன். பெயரைக் காட்டமாட்டார்கள், முன்னால் ஓர் எழுத்து, பின்னால் மூன்று நட்சத்திரம், கடைசியில் ஓர் ஏழு.

மாமாவுக்கு அது விளங்கவில்லை. விளங்கியபோது நம்பவில்லை. முகம் தெரியாத ஆளோடு எப்படி விலை கேட்பது? அவர் கரையில் ஒருவரோடு மோதும்போது, எதிராளியின் லொறி எங்கே நிற்கிறது, அவருக்கு இன்று எந்தக் கடைக்கு மீன் வேண்டும், நேற்று நட்டப்பட்டாரா, சம்மாட்டியோடு கோபமா என்பதெல்லாம் தெரியும். ஒருமுறை தெரிந்தும் வீம்புக்குக் கேட்டு, ஒரு பெட்டி அறக்குளாவை நட்டத்தில் எடுத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பியதை அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த ஆள் யார் என்று அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் அதே ஆளைக் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று பேசி முடித்துக்கொண்டார்.

"இந்தப் படத்துக்கு வெளியூர்க்காரன் ஏன் இவ்வளவு கேட்கிறான்?" என்றார். "அவனும் திருகோணமலைக்காரன்தான். கனடாவிலோ லண்டனிலோ இருப்பான். டச்சுக்குடாவில் குளித்தவனாக இருப்பான். உன்னோடு படித்தவனாகக்கூட இருப்பான்."

இருக்கலாம். அப்படிப்பட்ட ஏழெட்டுப் பேரின் முகங்கள் எனக்கு உடனே ஞாபகம் வந்தன. இருவரும் பேசியிருந்தால் எனக்கு ஏலத்து அட்டை, அவனுக்கு 25 டொலர் அட்டை, இருவருக்கும் நட்டம் இல்லை. 25 டொலருக்கு இன்னொன்று இருந்த கதையை அப்போதுதான் மாமாவுக்குச் சொன்னேன்.

அட்டையை என் கையில் திருப்பித் தந்தார். வெற்றிலைப் பையைத் திறந்தார்.

"அப்போது அவன் பக்கத்து வள்ளத்தில் எடுத்திருப்பான்" என்றார். "உன்னிடம் விட்டவன் வெறுங்கையோடு போவானா?"

அவர் போன பிறகு போய்ப் பார்த்தேன். அந்த 25 டொலர் அட்டையின் பக்கம் இன்னும் இருந்தது, படம் மங்கலாக்கப்பட்டு, 'விற்கப்பட்டது' என்ற பட்டையோடு. திகதி அதே திங்கட்கிழமை.